பார்க் ஃபேசிங்

எங்க மனையை விக்க அடிச்ச அந்த நோட்டீஸ் இன்னும் என்கிட்ட இருக்கு. பத்திரம், மூலப்பத்திரம், பட்டா எல்லாம் வச்சிருக்கற பச்சை ஃபைல்லயே நாலா மடிச்சு வச்சிருக்கேன், மடிப்பு கிழிஞ்சு செல்லோடேப் எல்லாம் போட்டாச்சு. வழவழன்னு பேப்பர், பின்னாடி சேர்வராயன் மலை, முன்னாடி ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், நாலு பேரும் எங்கயோ மேல பார்த்து சிரிச்சுட்டு நிக்கிறாங்க. அவங்களுக்கும் எங்க சேலம் கோரிமேட்டுக்கும் என்ன சம்பந்தம்னு அன்னைக்கும் தெரியல இன்னைக்கும் தெரியல. கீழ கட்டம் கட்டி "அருகில் உள்ள வசதிகள்"னு போட்டு அஸ்தம்பட்டி 10 நிமிடம், கலெக்டர் ஆபீஸ் 12 நிமிடம், புது பஸ் ஸ்டாண்ட் 15 நிமிடம், ஏற்காடு 40 நிமிடம், அரசு மகளிர் கல்லூரி கூப்பிடு தூரம். அந்தக் கூப்பிடு தூரத்தை நான் ஒரு நாள் நடந்தே பார்த்துட்டேன், முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. யாரு யாரைக் கூப்பிட்டு அளந்தாங்களோ தெரியல.

2009ல அஞ்சு ரோட்டுல இருந்து வேன் வச்சு கூட்டிட்டுப் போனாங்க. இலவச வண்டி, தக்காளி சாதம் பொட்டலம், ஒரு தண்ணி பாட்டில். ஏற்காடு ரோட்டுல கோரிமேடு தாண்டி உள்ள திரும்பி ஒரு கிலோமீட்டர், முந்தின வருஷம் வரைக்கும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காடா இருந்த இடம், மண்ணைக் கிளறினா இன்னும் கிழங்கு துண்டு வந்துச்சு. வெள்ளை பெயிண்ட் அடிச்ச கல்லு, கலர் கலரா கொடி, நடுவுல செம்மண் ரோடு. மொத்தம் 4 ஏக்கர். அதுல ஒரு மூலையில கொஞ்சம் பெரிய துண்டா விட்டு "பூங்கா"ன்னு தகரத்துல எழுதி நட்டிருந்தாங்க. அதுக்கு எதிர் மனைன்னா சதுர அடிக்கு 40 ரூபா ஜாஸ்தி. "பார்க் ஃபேசிங் மேடம், காலம் பூரா எதிர்ல வீடு வராது, மலை தெரியும்"னான் அந்தப் பையன், கழுத்துல டை கட்டிக்கிட்டு வேர்த்து ஊத்துது பாவம். 1200 சதுர அடி, 2.75 சென்ட்டு. 40 ரூபான்னா 48,000. அன்னைக்கு விலைக்கு நாலு பவுன். என் சங்கிலி போச்சு, எதிர்ல காலி இடம் வந்துச்சு. அப்படித்தான் எங்க கணக்கு.

எங்க வீட்டுக்காரர் ஏன் அதுல அவ்வளவு பிடிவாதமா நின்னாருன்னா அவரு பொறந்தது வளர்ந்தது எல்லாம் குகை. குகைன்னா தெரியாதவங்களுக்கு, சேலத்துல தறிக்காரங்க தெரு நிறைஞ்ச பழைய பகுதி. ரெண்டு பக்கமும் சுவரோட சுவர் ஒட்டின வீடு, நடு வீட்டுல தறிக்குழி, மிச்ச இடத்துல ஆறு பேர் படுக்கணும். வெளிச்சம் வேணும்னா ஓட்டுல பதிச்ச கண்ணாடி, வானம் வேணும்னா தெருவுக்கு வரணும், வந்தா தெரு பூரா பாவு (தறிக்கு நீளவாட்டு நூல்) ஓட்டி வச்சிருப்பாங்க, குனிஞ்சு போகணும். எங்க மாமா (வீட்டுக்காரரோட அப்பா) வெண்பட்டு நெஞ்சவரு. சேலம் வெண்பட்டுக்கு இப்போ புவிசார் குறியீடு எல்லாம் இருக்கு, நெஞ்சவருக்கு முதுகு வலிதான் மிச்சம்.

ஆனா வசதின்னு பார்த்தா அங்க இல்லாதது எது? பால்காரர் எதிர் வீடு. மாவு மில்லு நாலாவது வீடு. ராத்திரி பத்து மணிக்கு புள்ளைக்கு காய்ச்சல்னா மெடிக்கல் கடைக்காரரை அவரு வீட்டுத் திண்ணையிலயே எழுப்பலாம். சாயங்காலம் ஆறு மணியாச்சுன்னா, தட்டைக்கு நடுவுல காய் துருவலும் சட்னியும் வச்சுக் கொடுக்கற தட்டுவடை செட்டு வண்டி. ஆடி மாசம் வந்தா மாரியம்மன் பண்டிகை, வண்டி வேடிக்கைன்னு ராத்திரி பூரா ஜோடிச்ச வண்டி வாசல்லயே போகும், புராண வேஷம் கட்டின ஆளுங்க மேல உக்காந்து வருவாங்க, சொந்தக்காரங்க இருபது பேர் வீட்டு வாசல்ல இடம் பிடிக்க மத்தியானமே வந்துடுவாங்க. இதையெல்லாம் யாரும் நோட்டீஸ்ல போட்டு விக்கல. அதனால அது வசதின்னே எங்களுக்குத் தோணல.

வீடு கட்டி 2011 தை மாசம் குடி வந்தோம். மொத்த லேஅவுட்லயும் மூணே வீடு. முதல் ராத்திரி அத்தை தூங்கவே இல்ல, "சத்தமே இல்லையே, எப்பிடிடி தூக்கம் வரும்"னு கேட்டாங்க. தறிச் சத்தத்துல அம்பது வருஷம் தூங்கினவங்க.

தண்ணி கதைதான் பெரிய கதை. வீடு கட்டறதுக்கு முன்னாடியே போர் போட்டாகணும், இல்லன்னா கட்டடத்துக்கே தண்ணி கிடையாது. நீரோட்டம் பார்க்கறவர் வந்தாரு, உள்ளங்கையில தேங்காயைப் படுக்க வச்சுக்கிட்டு மனை பூரா நடந்தாரு, ஈசானி மூலையில தேங்காய் எந்திரிச்சு நின்னுச்சு. நான் சயின்ஸ் டீச்சர், எனக்கு நம்பிக்கை இல்ல, ஆனா தட்சணையை நான்தான் கொடுத்தேன். திருச்செங்கோட்டுல இருந்து ரிக் வண்டி ராத்திரி பதினொரு மணிக்கு வந்து சேர்ந்துச்சு, கூடவே ராடு ஏத்தின இன்னொரு லாரி. நம்ம பக்கத்துல போர் போட்டவங்க எல்லாருக்கும் இந்த ரேட்டு சமாச்சாரம் தெரியும், முதல் 300 அடி வரைக்கும் ஒரு ரேட்டு, அப்புறம் ஒவ்வொரு 100 அடிக்கும் ஏறிக்கிட்டே போகும், அதாவது தண்ணி வராதவனுக்குத்தான் ஜாஸ்தி காசு. சேலத்துல பாறை சீக்கிரமே வந்துடும், மண்ணு சரியாம இறக்கற கேசிங் பைப் எங்களுக்கு 40 அடியிலயே நின்னுடுச்சு, அதுக்குக் கீழ பூரா கல்லு. பாறையில விரிசல் எங்க மாட்டுதோ அங்கதான் தண்ணி, மாட்டலன்னா வெறும் புகைதான். மாமா சிமெண்ட் மூட்டை மேல உக்காந்து ஒவ்வொரு ராடு இறங்கறப்பவும் செங்கல்லுல ஒரு கோடு போட்டாரு, ராடு ஒண்ணு 20 அடி. பாவுல இழை எண்ணின கை, ஒரு கோடு தப்பாது. 340ல வந்தது ஈரம் மட்டும். 500 தாண்டினப்போ வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்ல. 620ல புகை நின்னு சேறா வந்துச்சு, அப்புறம் ஒன்றரை இஞ்ச் தண்ணி. விடிகாலை நாலு மணி, எல்லார் தலைமுடியும் வெள்ளை மாவு, பேய் மாதிரி நின்னுட்டு சிரிச்சோம்.

அந்தத் தண்ணியை வாயில வச்சா உப்பு. பக்கெட்டுல வெள்ளைப் படிவு, கீசர் காயில் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு. அதனால குடிக்க சமைக்க காவேரித் தண்ணி, அதாவது மேட்டூர் தண்ணி. கார்ப்பரேஷன் எல்லை எங்களுக்கு முந்தின தெருவோட முடிஞ்சுடும், நாங்க பஞ்சாயத்து. ஆரம்பத்துல எட்டு நாளைக்கு ஒருக்கா, அதுவும் டேங்க் ஆபரேட்டர் அண்ணன் எப்போ வால்வு திறக்கறாரோ அப்போ. அவரோட டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம் எனக்கு கிளாஸ்ல பாடம் நடத்தும்போது கூட காதுல கேக்கற மாதிரி இருக்கும். மாமா மட்டும் குறை சொல்ல மாட்டாரு. மேட்டூர் தண்ணி வர்றதுக்கு முன்னாடி சேலம் டவுனே பனமரத்துப்பட்டி ஏரியை நம்பித்தான் கிடந்துச்சாம், 1934ல அணை கட்டி முடிச்சும் தண்ணி வீட்டு வரைக்கும் வர எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமான்னு கேட்பாரு. சரிதான், ஆனா அந்த சரித்திரத்தை வச்சு அரிசி கழுவ முடியாதே.

பஸ்ஸைப் பத்தி சுருக்கமா சொல்றேன். ஒரு கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்கு வரணும். ஏற்காடு பஸ் நிக்காது, டவுன் பஸ் ரெண்டு வகை, கவர்மெண்டும் பிரைவேட்டும். 2021 மே மாசத்துல இருந்து கவர்மெண்ட் டவுன் பஸ்ல லேடீஸ்க்கு ஃப்ரீ ஆனதும் ஸ்டாப்புல ஒரு வேடிக்கை, பிரைவேட் பஸ் வந்து நின்னு ஹாரன் அடிச்சு கண்டக்டர் கெஞ்சினாலும் பொம்பளைங்க அசைய மாட்டோம், எல்லார் கண்ணும் பின்னாடி வர்ற பஸ்ஸைத் தேடும். பஸ்ல போகும்போது வழியில மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வரும், டி.ஆர்.சுந்தரம் 1930கள்ல ஆரம்பிச்ச ஸ்டுடியோ, நூத்துக்கும் மேல படம் எடுத்த இடம். இப்போ வாசல் வளைவு மட்டும் நிக்குது, உள்ள வீடுங்க. அவ்வளவு பெரிய இடமே மனையாப் போச்சு, நாமெல்லாம் எம்மாத்திரம்னு ஒவ்வொரு தடவையும் நினைச்சுக்குவேன். இதை எதுக்கு சொல்றேன்னா பின்னாடி வேலைக்கு ஆகும்.

அப்புறம் நோட்டீஸ்ல போடாத ஒரு வசதி, எங்க வீடே ஒரு வசதி. யாருக்குன்னா, ஏற்காடு போற சொந்தக்காரங்களுக்கு. மே மாசம் கோடை விழா, மலர்க் கண்காட்சின்னு போட்டாங்கன்னா போதும், ஈரோட்டுல இருந்து நாமக்கல்லுல இருந்து எல்லாம் போன் வரும், "சும்மா ஒரு காபி குடிச்சுட்டுப் போயிடறோம்". போகும்போது காபி, வரும்போது 20 கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுத்த புள்ளைங்களுக்கு மோர், எலுமிச்சம்பழம், மாத்து டிரஸ். ஒரு வருஷம் ஒரே ஞாயித்துக்கிழமையில பதினேழு பேர். காவேரித் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வர்ற வீட்டுல.

இதெல்லாம் இருக்கட்டும், எதிர்ல இருக்கற பார்க்குக்கு வரேன்.

பார்க் பார்க்குன்னு சொல்றேனே, அங்க ஊஞ்சல் கிடையாது, பெஞ்ச் கிடையாது, கம்பி வேலி கிடையாது. ஒரு 28 சென்ட்டு மண்ணு. தகர போர்டு முதல் ஆடிக் காத்துலயே போயிடுச்சு. ஒரு வருஷத்துல சீமைக் கருவேலம் மொளைச்சு ஆள் உயரம் நின்னுச்சு, சாரைப் பாம்பு எங்க கேட்டு வரைக்கும் வந்து பார்த்துட்டுப் போகும். 48,000 ரூபாய்க்கு பாம்பு ஃபேசிங் வாங்கியிருக்கோம்னு நான் குத்திக் காட்டுவேன், வீட்டுக்காரர் மலையைப் பார்த்துட்டு உக்காந்திருப்பாரு. மலை தெரிஞ்சது உண்மை. மாசி பங்குனியில காஞ்ச புல்லு தீப்பிடிச்சா ராத்திரி மலை மேல ஆரஞ்சு கலர்ல ஒரு கோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், மொட்டை மாடியில நின்னு பார்த்தா அழகா இருக்கும், அழகா இருக்குன்னு நினைச்சதுக்கு வெக்கமாவும் இருக்கும், காட்டெருமை எல்லாம் எங்க ஓடுமோ.

2014 ஐப்பசியில ஒரு ராத்திரி ஒரு மணி, மாமாவுக்கு நெஞ்சு வலி. 108க்கு போன் பண்ணினேன். அட்ரஸ் கேட்டாங்க, தெருவுக்கு அப்போ பேரே இல்ல, "பார்க் எதிர் வீடுங்க"ன்னேன். வாயில பழகிப் போச்சு, பத்திரத்துல அப்படி, நோட்டீஸ்ல அப்படி, சமையல் கேஸ் புக்குல கூட அப்படித்தான். ஆம்புலன்ஸ் வந்துச்சு, எங்க வாசலைத் தாண்டி நேராப் போச்சு. திரும்பி வந்துச்சு, திரும்பவும் தாண்டிப் போச்சு. நான் ரோட்டுல ஓடறேன். அந்த டிரைவர் தம்பி கண்ணாடியை இறக்கி கேட்டாரு, "அக்கா, பார்க் எங்கக்கா இருக்கு?" கருவேலங்காட்டைக் கை காட்டினேன். அவரு அதைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, ஒண்ணும் சொல்லல. பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போய் சேர்த்தோம், மாமா பொழைச்சுக்கிட்டாரு. ஆனா அந்தக் கேள்வியை நான் மறக்கல. அந்த வாரமே தெருவுல அப்போ இருந்த ஒன்பது வீடும் காசு போட்டு ஜேசிபி வச்சு கருவேலத்தை வேரோட புடுங்கினோம். ஓரமா நாலு புங்கங்கன்னு வச்சோம். ரெண்டு பொழைச்சுது.

மரம் நிழல் கட்ட ஆரம்பிச்சதும் ஒரு அயர்ன் வண்டி வந்து நின்னுச்சு. அண்ணன் சின்ன திருப்பதி பக்கம் வாடகை வீட்டுல இருந்தவரு, இங்க வாடகை இல்லாம நிழல் கிடைச்சுது. அப்புறம் செவ்வாய் வெள்ளி காய்கறி டாட்டா ஏஸ். அப்புறம் ஒரு அக்கா தட்டுவடை செட்டு போட ஆரம்பிச்சாங்க, பீட்ரூட் கேரட் துருவலும் ரெண்டு சட்னியும். அத்தை முதல் நாள் சாப்பிட்டுட்டு "பூண்டு சட்னி பத்தல"ன்னு சொல்லி, மறுநாள் அவங்களே அரைச்சு கொண்டு போய் கொடுத்து, குடி வந்ததுக்கு அப்புறம் முதல் தடவையா அன்னைக்குத்தான் அத்தை இந்த ஊர்ல சிரிச்சு நான் பார்த்தேன். புள்ளைங்க கிரிக்கெட், பஸ்ஸுக்கு நடக்க முடியாத வயசானவங்க சாயங்காலம் பிளாஸ்டிக் சேர் போட்டுக்கறது, பின் தெரு பாட்டியோட ஆறு ஆடு. எங்க அட்ரஸ்ல "பார்க் எதிரில்" போய் "அயர்ன் வண்டி எதிரில்" ஆச்சு, கொரியர் பையன்கள் ஒரு தடவை கூட வழி கேட்டதில்ல.

2017 சித்திரையில ஒரு நாள் காலையில காபி டம்ளரோட வெளிய வந்தா எதிர்ல வெள்ளைக் கல்லு. நாலு மனை அளந்து கல்லு நட்டிருக்காங்க. அயர்ன் அண்ணன் வண்டியைத் தள்ளி ரோட்டுல நிறுத்திட்டு நிக்கிறாரு. அந்த சமயம் எப்படின்னா, அங்கீகாரம் இல்லாத மனையைப் பத்திரம் பண்ணக் கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட் சொல்லி எல்லாம் நின்னு போயிருந்த நேரம், அங்கீகாரம் இருக்கற லேஅவுட்டுல ஒரு அடி மண்ணுக்கும் திடீர்னு மவுசு. கல்லு நட்ட ஆளுங்க ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க, "இது பார்க் இல்லைங்க மேடம், ரிசர்வ் சைட்டு, பட்டா இன்னும் ஓனர் பேர்லதான் இருக்கு, பார்த்துக்கங்க". பார்த்தா நிஜமாவே பட்டா அந்த மனை போட்ட ஆளு பேர்லதான் இருக்கு.

இங்க எங்க பின் வீட்டு சர்வேயர் சாரைப் பத்தி சொல்லணும். நில அளவைத் துறையில ரிட்டயர்ட். அதுவரைக்கும் தெருவுல அவரைப் பிடிச்ச ஆள் ஒருத்தர் கிடையாது. எங்க காம்பவுண்ட் சுவர் அவரு பக்கம் நாலு இஞ்ச் வந்திருக்குன்னு ஆறு மாசம் என்கிட்ட பேசாதவரு. டேப்பு இல்லாம வாக்கிங் போக மாட்டாருன்னு புள்ளைங்க கிண்டல் பண்ணும். அன்னைக்கு அவரு வந்தாரு, கல்லைப் பார்த்தாரு, உள்ள போய் எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) நகல், லேஅவுட் பிளான் ரெண்டையும் எடுத்துட்டு வந்து எங்க திண்ணையில விரிச்சாரு. "டீச்சர், இதான் ஜி லைன், இதுல இருந்து அளந்துக்கிட்டு வாங்க"ன்னு ஆரம்பிச்சாரு. எனக்கு பாதி புரியல, புரிஞ்ச பாதி இதுதான். பெரிய லேஅவுட் போட்டா ரோடு போக மிச்சத்துல பத்துல ஒரு பங்கு பொது இடமா விடணும், அதை வாயால விட்டா பத்தாது, ரோட்டையும் பார்க்கையும் பஞ்சாயத்து பேருக்கு தானப்பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிக் கொடுத்தாத்தான் அப்ரூவலே வரும். ஆனா பத்திரம் ஆனதும் பஞ்சாயத்து போய் பட்டாவைத் தன் பேருக்கு மாத்திக்கணும். அதை எத்தனையோ இடத்துல யாரும் செய்யறதே இல்ல. பத்து வருஷம் சும்மா கிடந்தா பழைய பட்டாவை வச்சு மறுபடி விக்க ஒருத்தன் வருவான். "பத்திரம் இருக்கணுமே"ன்னு மட்டும் சொல்லிட்டு சார் சட்டையை மாட்டிக்கிட்டு போயிட்டாரு.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். 2009 வரைக்கும் பின்னாடி போனா, எங்க கிரயத்துக்கு மூணு மாசம் முன்னாடி, இருந்துச்சு. தானப்பத்திரம், சர்வே நம்பரோட, 28 சென்ட்டு, பஞ்சாயத்து பேருக்கு. சர்வேயர் சார் அந்தப் பேப்பரை என் கையில கொடுக்கும்போது அவரு கை லேசா நடுங்குச்சு. நாங்க மூணு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல வரிசையில நின்னோம், நான் அரை நாள் லீவு போட்டுட்டு, தட்டுவடை அக்கா மாவு பிசையறதை விட்டுட்டு, ஆட்டுக்காரப் பாட்டி "எனக்கு எழுதத் தெரியாது, ரேகை வைக்கறேன்"னு வந்து நின்னுச்சு. தாலுகாவுக்குப் போச்சு, பஞ்சாயத்துக்குப் போச்சு, திரும்பி வந்துச்சு, ஒன்றரை வருஷம் ஓடிப் போச்சு. நடுவுல அந்தக் கல்லை யாரோ ராத்திரியில புடுங்கிப் போட்டுட்டாங்க. யாருன்னு எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். மாமாவுக்கு அப்போ எழுபத்தி மூணு வயசு.

கடைசியா பட்டா மாறி, நீலக் கலர்ல "இந்த இடம் ஊராட்சிக்குச் சொந்தமானது, அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்"னு போர்டு வந்துச்சு. போர்டு நட்ட அன்னைக்கு சாயங்காலம் மொத்தத் தெருவும் அத்துமீறி நுழைஞ்சு அங்கதான் உக்காந்திருந்தோம், அக்கா எல்லாருக்கும் ஒரு செட்டு ஃப்ரீ.

எங்க சுவர் நாலு இஞ்ச் விவகாரம் அப்படியேதான் இருக்கு. சார் விடல.

இப்போ தெருவுல நாப்பத்தொரு வீடு. மாமா போன வருஷம் தவறிட்டாரு, அவரோட பிளாஸ்டிக் சேர் இன்னும் புங்கமரத்தடியிலதான் கிடக்கு, அதுல யாரு வேணா உக்காருவாங்க. தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா ஆயிருக்கு. மூக்கனேரிக் கரைக்கு வாக்கிங் போறவங்க கூட இப்போ இங்க வந்து தட்டுவடை சாப்பிட்டுட்டுத்தான் போறாங்க.

போன மாசம் பஞ்சாயத்துல இருந்து ஒரு இன்ஜினியர் தம்பி வந்தாரு. நிதி ஒதுக்கியிருக்காங்களாம், சுத்தி கம்பி வேலி, நடைபாதை, ஊஞ்சல், ரெண்டு எக்சர்சைஸ் மெஷின், கேட்டு பூட்டு. பதினஞ்சு வருஷம் கழிச்சு நிஜமாவே பார்க். நோட்டீஸ்ல இருந்த மாதிரியே. யாரும் கை தட்டல. பாட்டி முதல்ல கேட்டுச்சு, "ஆடு எங்க போகும் சாமி?" அயர்ன் அண்ணன் ஒண்ணும் கேக்கல, வண்டிச் சக்கரத்தையே பார்த்துட்டு நின்னாரு. புது வீட்டுக்காரங்க நாலஞ்சு பேர் வேலி கண்டிப்பா வேணும், நாய் வருது, வண்டிக்காரங்களால குப்பை சேருதுன்னாங்க, அவங்க சொல்றதும் பொய்யில்ல, அவங்களும் பார்க் ஃபேசிங்னு காசு கொடுத்து வாங்கினவங்கதான், எங்களை விட அஞ்சு மடங்கு ஜாஸ்தியா.

ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் நின்னு அளந்தோம். டேப்போட ஒரு நுனி சர்வேயர் சார் கையில, இன்னொரு நுனி என் கையில. வேலியை உள்ள பத்தடி தள்ளிப் போட்டா புங்கமரம் ரெண்டும் வெளிய வந்துடும், வண்டி நிக்கலாம், ஆடு ஓரமா மேயலாம்னு சார் ஒரு கணக்கு சொன்னாரு. இன்ஜினியர் தம்பி பிளான்ல அப்படி இல்லையேன்னு தலையைச் சொறிஞ்சாரு. கேட்டு எந்தப் பக்கம் வைக்கறதுன்னு அடுத்த சண்டை. தட்டுவடை அக்கா கையில கேரட்டோட வந்து "என் வண்டிப் பக்கம்தான் வைக்கணும் டீச்சர், ஆமா"ன்னாங்க. நான் டேப்பை அங்க இழுத்துட்டுப் போய் நின்னேன். வீட்டுக்காரர் மொட்டை மாடியில இருந்து பார்த்துட்டு, "கொஞ்சம் லெஃப்ட்ல, மலை மறைக்கும்"னு கத்தினாரு.